மாதவிலக்கு நிற்கும் காலமும் சோயா மாத்திரையும்



குடும்ப நலம் என்று சொன்னதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கர்ப்பிணிக்கு ஊசி, பிள்ளைக்குச் சொட்டு மருந்து, இரண்டு பிள்ளைக்குப் பிறகு ஆபரேஷன். அவ்வளவுதான். 1952-ல் நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1977-ல் அதற்குக் குடும்ப நலம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும், ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததோடு அந்தப் பெண்ணின் கணக்கு முடிந்துவிட்டது என்கிற மாதிரிதான் வெகுகாலம் நாங்கள் நடந்துகொண்டோம். அதற்குப் பிறகு அவளுக்கு நாற்பத்தைந்து வயது ஆகிறது, ஐம்பது ஆகிறது. மாதவிலக்கு தள்ளிப் போகிறது, தாறுமாறாக வருகிறது, ஒரு நாள் நின்றே போகிறது. அப்போது அவளுக்கு என்ன செய்கிறது என்று கேட்க ஆள் இல்லை. அவளும் யாரிடமும் சொல்லுவதில்லை.

இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குறிப்பாக, அதற்காக இப்போது நம் ஊர்களில் பரவலாக வாங்கித் தின்கிற சோயா மாத்திரையைப் பற்றி. அது நல்லதா, கெட்டதா, யார் சாப்பிடலாம், யார் தொடவே கூடாது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் தொந்தரவைச் சொல்லி விடுகிறேன். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றுகிற தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். காலையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பீர்கள். அப்படி உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரு சூடு குப்பென்று ஏறும். முகம் சிவக்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். இரண்டு, மூன்று நிமிஷத்தில் தானே இறங்கி, உடம்பு சில்லென்று ஆகிவிடும். "எம்மா, ஒரே அனலா அடிக்கு, தொட்டுப் பாத்தா காய்ச்சலும் இல்ல" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியில் வந்தால் சேலை, தலையணை எல்லாம் நனைந்து தூக்கம் கெடும். மறுநாள் எரிச்சல், மறதி, மூட்டு வலி, காரணமில்லாத அழுகை. சிலருக்குப் பிறப்புறுப்பில் வறட்சியும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து பெண்கள் பக்கத்தில் அருவியில் நிற்கும்போது சொர்க்கமாக இருக்கும். வீட்டுக்குப் போன அன்றைக்கே மறுபடியும் அனல் அடிக்கும். ஏனென்றால் இது வெயிலால் வருகிற சூடு அல்ல.

நம் மூளையில் உடம்புச் சூட்டைச் சமமாக வைத்திருக்கிற ஒரு பகுதி உண்டு. சினைப்பைகள் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது அந்தப் பகுதி தொட்டதற்கெல்லாம் பதறுகிறது. உடம்புச் சூடு இம்மி அளவு ஏறினாலும், ஏதோ தீப்பிடித்தது போல் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி, வேர்க்க வைத்து, சூட்டை இறக்கப் பார்க்கிறது. அந்த ஆர்ப்பாட்டம்தான் உங்களுக்குத் தெரிகிற அனல். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. மேல்நாட்டுப் பெண்களுக்கு 51 வாக்கில். பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாகத் தூரம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதுவரைக்கும், ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களுக்குக் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். "அன்னைக்கே ஆபரேஷன் பண்ணாம இருந்திருந்தா இந்தச் சூடு வந்திருக்காது" என்று பல தாய்மார்கள் நினைக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே கட்டுகிறார்கள். சினைப்பைகளைத் தொடுவதில்லை. ஆபரேஷன் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இந்தப் பருவம் ஒன்று போலத்தான் வரும். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் நின்றுவிடுவதால் அனல் கடுமையாக அடிக்கும். அவர்களும், 45 வயதுக்கு முன்பே தூரம் நின்றவர்களும், கடையில் மாத்திரை வாங்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். எலும்பையும் இருதயத்தையும் காக்க அவர்களுக்குத் தனி வைத்தியம் தேவைப்படும்.

சரி, சோயா எங்கிருந்து வந்தது? 1990-களில் ஒரு கேள்வி எழுந்தது. ஜப்பான் நாட்டுப் பெண்கள் இந்த அனலைப் பற்றி அதிகம் சொல்லுவதில்லையே, ஏன்? கனடாவில் பேராசிரியராக இருந்த மார்கரெட் லாக் அம்மையார் 1993-ல் எழுதிய புத்தகத்தில், ஜப்பானிய மொழியில் இதற்கென்று ஒரு தனிச்சொல் கூட இல்லை என்று குறிப்பிட்டார். அதற்கு முந்தின வருஷமே பின்லாந்து நாட்டு விஞ்ஞானி ஹெர்மன் அட்லர்கிரொய்ட்ஸ், ஜப்பானியர் தினம் உண்ணும் சோயா உணவு காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். சோயாவில் ஐசோபிளேவோன் என்ற சத்து இருக்கிறது. அது நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜனுக்கு ஜாடையில் ஒத்தது. தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் செய்கிற வேலையில் ஒரு சிறு பங்கை அதுவும் செய்யும், ஆனால் பலம் மிகக் குறைவு.

அடுத்து 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்களை வைத்து ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி அது. மார்புப் புற்றுநோய் கூடியது தெரிந்ததும் உலகம் முழுக்க பெண்கள் பயந்து ஹார்மோன் மாத்திரையை விட்டார்கள். பிற்பாடு அந்தக் கணக்கை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்ததில், அறுபது வயதுக்குள், தூரம் நின்று பத்து வருஷத்துக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு டாக்டர் மேற்பார்வையில் அது தகுந்த வைத்தியம்தான் என்று தெளிந்தது. ஆனால் அந்தப் பயத்தில் திறந்த கடைகள் மூடவில்லை. "இயற்கையானது, பக்க விளைவு இல்லாதது" என்று சோயா டப்பாக்கள் வந்து குவிந்தன. இன்று தென்காசியில் மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, மகளின் செல்போனில் ஆர்டர் போட்டாலும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் துரியன் பழத்தைப் பிள்ளை வரம் தரும் என்று சொல்லி என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆசை இருக்கிற இடத்தில் விலை ஏறத்தான் செய்யும்.

சோயா மாத்திரை வேலை செய்கிறதா? உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 2012-ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 54 மில்லிகிராம் வாக்கில் ஐசோபிளேவோன் சாப்பிட்டவர்களுக்கு, சத்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைக் காட்டிலும் அனல் அடிக்கும் தடவைகள் நூற்றுக்கு இருபது பங்கு குறைந்தன. அனலின் கடுமையும் நூற்றுக்கு 26 பங்கு குறைந்தது. வெறும் மாத்திரைக்கே கொஞ்சம் குறையும் என்பதையும் கவனியுங்கள், "மருந்து சாப்பிடுகிறோம்" என்கிற தைரியமே அவ்வளவு செய்கிறது. ஆகவே தினம் பத்துத் தடவை அனல் வருகிறவர்களுக்கு அது ஐந்தோ ஆறோ ஆகலாம். அடியோடு நிற்காது.

அதிகம் தின்றால் அதிகம் குறையுமா? அதையும் பார்த்தார்கள். அமெரிக்காவில் மயாமி நகரத்தில் 248 பெண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பாதிக்கு நாள் ஒன்றுக்கு 200 மில்லிகிராம் வீதம் இரண்டு வருஷம் கொடுத்தார்கள். முடிவு 2011-ல் வந்தது. எலும்புத் தேய்மானம் நிற்கவில்லை. அனலும் குறையவில்லை. கடைசியில் சோயா தின்றவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கும், வெறும் மாத்திரை தின்றவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கும் அனல் இருந்தது. மருந்து தின்ற பக்கத்தில்தான் அதிகம்! எலும்புக்கு நல்லது என்று சொல்லி உங்களிடம் யாராவது சோயா மாத்திரை விற்றால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

ஒருத்திக்குக் கேட்கிறது, இன்னொருத்திக்குக் கேட்கவில்லையே, ஏன்? சோயாச் சத்தைக் குடலில் உள்ள சில கிருமிகள் ஈக்குவால் என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்தக் கிருமிகள் எல்லார் குடலிலும் இல்லை. ஜப்பானியரில் பாதிப் பேருக்கு உண்டு, மேல்நாட்டாரில் மூன்றில் ஒருவருக்கோ நாலில் ஒருவருக்கோதான் உண்டு. மேலும் ஜப்பானில் சோயாவைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே சாப்பிடுகிறார்கள். நாம் ஐம்பது வயதில் டப்பாவைத் திறக்கிறோம். 2023-ல் வட அமெரிக்க மாதவிலக்கு நிறுத்த மருத்துவர் சங்கம் எல்லாவற்றையும் அலசிப் பார்த்து, ஆதாரம் ஒருமித்து இல்லாததால் அனலுக்கு சோயாவைச் சிபாரிசு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்காக நான் தடை போடவில்லை. லேசான, நடுத்தரமான தொந்தரவு உள்ளவர்கள், கீழே சொல்கிற விதிகளுக்கு உட்பட்டு மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் நம்பிக்கை வைப்பது காசுக்குக் கேடு.

அளவு எவ்வளவு? நாள் ஒன்றுக்கு ஐசோபிளேவோன் 40 முதல் 80 மில்லிகிராம். இங்கேதான் நம் தாய்மார்கள் ஏமாறுகிறார்கள். டப்பாவின் முன்பக்கம் "சோயா எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருப்பான். அது சாற்றின் எடை, சத்தின் எடை அல்ல. பின்பக்கம் சின்ன எழுத்தில் "ஐசோபிளேவோன் 40 சதவீதம்" என்று இருந்தால் அதில் உள்ள சத்து 200 மில்லிகிராம். ஒரு மாத்திரையிலேயே அளவு தாண்டிவிட்டது. 125 மில்லிகிராம் சாறு, 40 சதவீதம் என்றால் சத்து 50 மில்லிகிராம், அது சரியான அளவு. சதவீதமே போடாத டப்பாவை வாங்காதீர்கள். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், கணக்கும் போடச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்பதையும் பாருங்கள். இந்த டப்பாக்களில் மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்ற பொருளில் ஒரு வரி இங்கிலீஷில் இருக்கும். சட்டப்படி போட்டே ஆக வேண்டிய வரி அது. விற்கிறவர் அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டமாட்டார்.

காலையில் பாதி, ராத்திரியில் பாதியாகச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். இரண்டு நாளில் பலன் தெரியாது. ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலண்டரில் தினம் எத்தனை தடவை அனல் வந்தது என்று கோடு போட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். குறையவில்லையா, நிறுத்திவிடுங்கள். குறைந்திருந்தால் டாக்டரிடம் காட்டித் தொடரலாம். ஆனால் வருஷக்கணக்கில் கேள்வி கேட்காமல் விழுங்கக் கூடாது. இத்தாலியில் ஐந்து வருஷம் தினம் 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில், ஒரு சில பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வு அளவுக்கு மீறித் தடித்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. 2004-ல் வெளியான விஷயம் இது. 2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்புக் குழு ஆராய்ந்து, வழக்கமான அளவில், குறுகிய காலத்துக்கு, தூரம் நின்ற ஆரோக்கியமான பெண்களுக்குக் கேடு காணவில்லை என்றது. ஹார்மோன் சம்பந்தமான புற்றுநோய் உள்ளவர்களுக்கோ முன்பு வந்தவர்களுக்கோ அந்த உறுதியை அந்தக் குழுவும் கொடுக்கவில்லை.

ஆகவே சிலர் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மார்பிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்தவர்கள், டமாக்சிபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மார்பில் கட்டி இருந்து இன்னும் பரிசோதிக்காதவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள், சோயா ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, வீக்கம் வந்தவர்கள். இருதய வால்வு ஆபரேஷன் செய்து ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் வேகம் மாறக்கூடும், அவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். உங்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே சோயா மாத்திரையோ சோயா மாவுக் கஞ்சியோ சாப்பிட்டால், தைராய்டு மருந்து குடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சோயா தொடங்கின ஆறு, எட்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் அலுப்பு, எடை ஏற்றம், மறதி எல்லாம் கூடும். அதையும் "இது தூரம் நிக்கிற கோளாறு" என்று நினைத்து இன்னொரு சோயா மாத்திரை கூடுதலாகப் போடுவீர்கள்.

எனக்கு இந்த மாத்திரையின் மேல் உள்ள பெரிய கவலை வேறு. நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பீடி சுற்றுகிற அம்மாள், 54 வயது. தூரம் நின்று மூன்று வருஷம் ஆயிற்று. பருத்த உடம்பு, சர்க்கரையும் உண்டு. பக்கத்து வீட்டு மதினி சொன்னாள் என்று சோயா மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். ஏழாவது மாதம் லேசாக உதிரம் பட்டது. மதினியிடம் சொன்னார். "மாத்திரை நல்லா வேலை செய்யுது, உனக்கு வயசு திரும்புது" என்று மதினி சிரித்திருக்கிறாள். இருவரும் சேர்ந்து சந்தோஷப்பட்டார்கள். மாதா மாதம் துணி வைத்துக்கொண்டார், மகளிடம்கூடச் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த பெண், "என்னம்மா இப்படி வெளிறிப் போயிருக்கீங்க" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துப் பரிசோதித்ததில் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்ல வேளையாக ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், இப்போது தட்டை மடியில் வைத்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். சோயாதான் புற்றைக் கொண்டு வந்ததா என்றால், டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. பருமனும் சர்க்கரையும் அதற்குத் தெரிந்த காரணங்கள், அவையே போதும். ஆனால் மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால், உதிரத்தைக் கண்ட அன்றைக்கே அந்த அம்மாள் பயந்து ஓடி வந்திருப்பார்.

தூரம் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அது மாதவிலக்கு அல்ல. வயது திரும்புவதும் அல்ல. மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்படி உதிரம் படுகிற நூறு பேரில் ஒன்பது பேர் வாக்கில் கர்ப்பப்பைப் புற்று இருந்தது. மற்றத் தொண்ணூற்றொரு பேருக்கு சவ்வு மெலிவு, சிறு சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணம்தான். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

அதே போல, வேர்க்கிறது என்றாலே தூரம் நிற்கிற சூடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்களுக்குத் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, பசி எடுத்தால் அது சர்க்கரை இறங்கினதற்கு அடையாளம். உடனே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். ராத்திரி வேர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அது காசநோயாக இருக்கலாம். புகையிலைத் தூசியில் இருந்து இருந்து இருமல் பழகிப்போய்விட்டதால் பீடி சுற்றும் தாய்மார்கள் இதை மிகத் தாமதமாகக் கவனிக்கிறார்கள். வேர்வையோடு நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுதல், மூச்சுத் திணறல் இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். சும்மா படபடப்பும் எடை குறைவும் இருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோயா வாங்குகிற காசில் முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்லுவேன். அரசு ஆஸ்பத்திரியில் என்றால் அந்தக் காசும் மிச்சம்.

இனி உணவைப் பற்றி. மாத்திரையைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் சோயா உணவுக்கு விரோதி அல்ல. கொழுப்பு நீக்கிய சோயா மாவிலிருந்து செய்ததுதான் நாம் மீல் மேக்கர் என்று குருமாவில் போடுகிற உருண்டை. அதில் ஏறக்குறையப் பாதி எடை புரதம். கறி, மீன் வாங்க முடியாத நாளில் அது நல்ல உணவு. காய்ந்த உருண்டை ஒரு கைப்பிடி, அதாவது 25, 30 கிராம் இருந்தால், ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்குப் போதும். சோயாப் பயறு வாங்கினால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவைத்துச் சுண்டல் செய்யுங்கள். அரைவேக்காடு கூடாது, வயிறு கெடும். வேகவைத்த பயறு நூறு கிராமில் 60 மில்லிகிராம் வாக்கில் ஐசோபிளேவோன் கிடைக்கிறது. அதாவது விலை உயர்ந்த மாத்திரையில் இருக்கிற சத்து ஒரு கிண்ணம் சுண்டலில் இருக்கிறது! கோதுமை அரைக்கக் கொடுக்கும்போது ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு வறுத்த சோயா சேர்த்து அரைக்கலாம். சோயா எண்ணெயில் இந்தச் சத்து கிடையாது, அனலுக்காக அதை வாங்க வேண்டாம். மார்புப் புற்றுநோய் வந்து குணமானவர்கள் உணவாக அளவோடு சாப்பிடுவதில் கேடு இல்லை என்றே இன்றைய ஆராய்ச்சிகள் சொல்கின்றன, ஆனாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். "ஆம்பளைங்க சாப்பிட்டா ஒண்ணும் செய்யாதா?" என்று ஒரு தாய் காதோடு கேட்டார். வீட்டில் எல்லாரும் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது.

எலும்புக்கு என்ன செய்வது? நம் சீமையில் பெண் பிள்ளை பெரியவளானால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம், இடுப்புக்குப் பலம் என்று. தூரம் நிற்கிற வயதிலும் அந்த இடுப்புதான். அப்போது களியும் கிடையாது, கவனிப்பும் கிடையாது. உளுந்தோடு, நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள கேழ்வரகையும் முருங்கைக் கீரையையும், எள்ளையும், கிடைத்தால் பாலையும் மோரையும் தாயும் சாப்பிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியை விட்டுவிடுங்கள், கருப்பட்டியும் சர்க்கரைதான். காலையில் அரை மணி நேரம் வெயிலில் நடக்க வேண்டும். பீடிக்கு உட்கார்ந்தால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள்.

அனல் வரும்போது மேலே பருத்தித் துணி, பக்கத்தில் ஈரத் துண்டு, மெதுவாக மூச்சை இழுத்து விடுதல், இவை செலவில்லாதவை. கொதிக்கக் கொதிக்கக் காபி, காரம், வெற்றிலையோடு புகையிலை இவை அனலைத் தூண்டுகிறதா என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள், தூண்டினால் குறையுங்கள். வறட்சிக்கு சோயா உதவாது, அதற்குப் போடுகிற களிம்பு தனி, லேடி டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அனல் கடுமையாக இருந்து தூக்கமும் வேலையும் கெட்டுப் போனால் ஹார்மோன் வைத்தியமும் உண்டு, ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. இந்தத் தொந்தரவு பலருக்கு ஏழு வருஷம் வரை நீடிக்கிறது. அத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. சித்த வைத்தியம் விரும்புகிறவர்கள், அரசு ஆஸ்பத்திரியில் உள்ள சித்த மருத்துவரைப் பாருங்கள். அருவிக் கரையில் பொட்டலம் கட்டி விற்கிறவரிடம் வேண்டாம், அதில் என்ன கலந்தது என்று பிற்பாடு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

நம் தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, பக்கத்திலேயே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கிறது. முப்பது வயது தாண்டின பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பை வாயும் அங்கே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வருகிற பெண் உங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார். அவரிடம் அனலைப் பற்றியும் சொல்லுங்கள், உதிரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். சோயா தொடங்கினதும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன், தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாரும் வந்து நிற்காதீர்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த டப்பாவை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வாருங்கள். காலி டப்பா ஆனாலும் சரி, பின்பக்கத்து எழுத்துத்தான் எங்களுக்கு வேண்டும்.